வீட்டுப் பாஷையும் பள்ளிக்கூடமும்: லியோனார்ட் கோவெல்லோவின் சரித்திரம்

பிழைப்பை நாடித் தாய்நாட்டை விட்டு அந்நிய தேசத்தில் குடியேறும் ஏழை ஜனங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பின்தங்கி நிற்பார்களானால், அதற்கு அவர்கள் வீட்டில் பேசும் பாஷையே காரணம் என்று தீர்ப்புக் கூறிவிடுவது படித்தவர்களுக்குச் சுலபமான வழக்கமாக இருந்து வருகிறது. தாயும் தகப்பனும் தங்கள் பாஷையை விட்டொழித்துப் பள்ளிக்கூடத்துப் பாஷையையே வீட்டிலும் பேசத் தொடங்கினால் பிள்ளை தேறிவிடுவான் என்று உபாத்தியாயர்கள் புத்தி சொல்லுகிறார்கள். பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் சோதித்துப் பார்த்த ஒரு மனிதர் நியூயார்க் நகரத்தில் இருந்தார். லியோனார்ட் கோவெல்லோ என்ற அவருடைய பெயர் அமெரிக்கக் கல்வியின் சரித்திரத்தில் பிரசித்தமானது. நமது நாட்டு உபாத்தியாயர்களில் அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆதலால் அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகவே நமது நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கோவெல்லோ 1887-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென் இத்தாலியில் பஸிலிக்காட்டா பிரதேசத்தைச் சேர்ந்த அவிலியானோ என்ற மலையூரில் பிறந்தார். இத்தாலி ஒரே ராஜ்யமாகி அப்போது கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அந்த ஐக்கியத்தினால் வடக்கே பட்டணங்கள் செழித்தன. தெற்கே குடியானவனுக்குக் கிடைத்தவை வரியும் பட்டாளச் சேவையுமே என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. 1880-க்குப் பிறகு நாற்பது ஐம்பது வருஷங்களுக்குள் 40 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர், எழுத்தறியாதவர்களே அதிகம். கோவெல்லோவின் தகப்பனார் முதலில் தனியாகப் போனார். சில வருஷங்கள் கழித்து, 1896-ல், தாயாரும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். கிழக்கு ஹார்லெம் என்னும் பேட்டையில், ஆற்றை அடுத்த நெருக்கமான அடுக்கு வீடுகளில், அவிலியானோக்காரர்கள் பலர் ஒரே தெருவில் கூடி வாழ்ந்து வந்தார்கள். அங்கே அவர்கள் குடியேறினார்கள்.

பையன் முதலில் போன பள்ளிக்கூடம் தர்ம சிந்தையுள்ள மாதர் சங்கம் ஒன்று நடத்தியது. மத்தியானத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் ஸூப் கொடுத்து வந்தபடியால் ஊரார் அதை ஸூப் பள்ளிக்கூடம் என்றே அழைத்தார்கள். பிறகு நகரத்தாரின் பொதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே நடந்த ஒரு சிறு சம்பவத்தை அவர் வயோதிக காலத்திலும் மறக்கவில்லை. குடும்பத்தின் பெயர் கோவியெல்லோ. உச்சரிக்க எளிதாயிருக்கும் என்று ஓர் உபாத்தியாயினி அதில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார்; லியோனார்டோ என்பதும் லியோனார்ட் ஆயிற்று. மாதாந்த மதிப்புப் பத்திரத்தில் புதுப் பெயரைக் கண்ட தகப்பனார் திகைத்தார். தாயார் பெருந்துயரமடைந்தார். ஒருவனுடைய பெயரில் அவனுடைய குலமும் மானமும் அடங்கியிருப்பதாக நினைத்த அந்த அம்மாளுக்கு, முன்பின் அறியாத ஒருத்தி அதை வெட்டித் திருத்த என்ன அதிகாரம் என்பது விளங்கவில்லை. மகனோ, தாய்க்கு ஒன்றும் தெரியாது என்று சலித்துக்கொண்டான். அவன் தோழர்களுக்கும் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. அமெரிக்கப் பெயர் கிடைத்ததே லாபம் என்று எண்ணினார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று மகன் சொன்னதுதான், பெயர் போனதைக் காட்டிலும் அந்தத் தாயைப் புண்படுத்தியது.

இந்தச் சம்பவத்தை அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இத்தாலி தேசத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. தாந்தேயும் மைக்கேலேஞ்சலோவும் பிறந்த பூமியிலிருந்து வந்தவர்கள் நாம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இத்தாலியன் என்றால் தாழ்ந்தவன் என்பதை மட்டும், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெற்றோர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். தாயின் முக்காட்டையும் கொச்சைப் பேச்சையும் உபாத்தியாயர் கண்டுவிடுவாரோ என்று அஞ்சினார்கள். வீடும் பள்ளிக்கூடமும் இரண்டு விரோத ராஜ்யங்கள் போலாயின. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் ஒற்றனைப் போல் நடமாடினான். இரண்டு பாஷைகளும் தெரிந்தவன் அவன் ஒருவனே ஆகையால், பள்ளிக்கூடம் சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் வீட்டில் சொல்லுவான். வீட்டின் அதிகாரம் இப்படிக் குறைந்தது. பள்ளிக்கூடத்தின் அதிகாரமும் அதனால் வளர்ந்துவிடவில்லை.

குடும்பம் வறுமையில் வாடிற்று. சிறுவன் விடியுமுன் எழுந்து வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் போவான். மாரிஸ் உயர்தரப் பள்ளியில் படிக்கும்போது, தாயாரின் வியாதியும் வீட்டின் கஷ்டமும் தாங்க முடியாமல் படிப்பை நிறுத்தினார். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, ஏன் போகிறாய் என்று கேட்க அந்தப் பெரிய கட்டிடத்தில் ஓர் உபாத்தியாயராவது முன்வரவில்லை. அவர் பிற்காலத்தில் கட்டிய பள்ளிக்கூடம் அந்த ஒரு நாளுக்குச் சொன்ன பதில் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரைக் காப்பாற்றியவர் கனடா தேசத்திலிருந்து வந்த ஆன்னா ரட்டி என்ற கிறிஸ்தவ மாது. அந்த அம்மாள் கிழக்கு ஹார்லெமில் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நடத்தி வந்தார். இத்தாலிய பாஷையைத் தாமே கற்றுக்கொண்டு, தாய்மார்களோடு அதில் பேசி, வீடுகளுக்குள் போய் வந்தார். அந்தப் பேட்டையில் அப்போது இப்படிச் செய்த அந்நியர் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கோவெல்லோ மீண்டும் படிப்பில் சேர்ந்து, புலிட்ஸர் உபகாரச் சம்பளம் பெற்று, 1911-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். பிறகு டிவிட் கிளின்டன் உயர்தரப் பள்ளியில் பிரெஞ்சு உபாத்தியாயரானார். இத்தாலியப் பையன்கள் நிறைந்த பள்ளியில் ஓர் இத்தாலியர் பிரெஞ்சு கற்பித்தார். ஏனெனில் அங்கே இத்தாலிய பாஷைக்கு ஒரு வகுப்பும் இல்லை.

அக்காலத்து அமெரிக்காவில் கற்றறிந்தோர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1909-ல் லியோனார்ட் ஏயர்ஸ் என்பவர் பள்ளிகளில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். நியூயார்க்கில் அவர் எடுத்த கணக்கில், வயதுக்கேற்ற வகுப்பில் இல்லாதவர்கள் ஜெர்மானியர் பிள்ளைகளில் மிகக் குறைவு. இத்தாலியர் பிள்ளைகளில் மிக அதிகம். ஆனால் ஜெர்மானியர் வீட்டில் மட்டும் ஆங்கிலமா பேசினார்கள்? ரஷ்யாவிலிருந்து வந்த யூதர் வீட்டிலும் ஆங்கிலம் இல்லை. அவர்கள் பிள்ளைகளோ அயர்லாந்துக்காரர் பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். அயர்லாந்துக்காரர்களில் அநேகர் வீட்டில் பேசியது ஆங்கிலமே. ஆங்கிலம் அறியாமை பெரிய தடையாகக் காணப்படவில்லை என்று ஏயர்ஸே முடிவு கூறினார். இந்த முடிவைப் படித்தவர்கள் படித்துவிட்டு மறந்தார்கள்.

மறந்தது மட்டுமன்று. முதல் மகா யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்தவர்களில் பதினேழு லட்சம் பேருக்குமேல் புத்திப் பரீட்சை நடத்தப்பட்டது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கார்ல் பிரிகம் என்ற பண்டிதர் 1923-ல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவுக்கு வந்து அதிக வருஷமானவர்கள் அதிக மார்க்கு வாங்கியிருப்பது அவர் கணக்கிலேயே தெரிந்தது. நாட்டின் பாஷையும் பழக்கமும் தெரியத் தெரிய மார்க்கு கூடுகிறது என்றுதான் சாதாரண புத்தியுள்ள எவனும் இதிலிருந்து முடிவு செய்வான். பிரிகமோ, முன்னே வந்தவர்கள் உயர்ந்த ஜாதி, பின்னே வந்த தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் தாழ்ந்த ஜாதி என்று கண்டுபிடித்தார். மறு வருஷமே, 1924-ல், தென் ஐரோப்பியருக்குக் கதவடைக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இத்தகைய சாஸ்திரம் அதற்குத் துணை நின்றது. 1930-ல் பிரிகம் தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று தாமே எழுதி வாபஸ் வாங்கினார். சட்டம் வாபஸாகவில்லை.

பாஷையைக் குற்றமாக்கிய சட்டங்களும் அந்தக் காலத்தில் பிறந்தன. யுத்தத்தின் ஆவேசத்தில் நெப்ராஸ்கா மாகாணம் 1919-ல் ஒரு சட்டம் செய்து, எட்டாம் வகுப்புத் தேறாத எந்தப் பிள்ளைக்கும் ஆங்கிலமல்லாத பாஷையைக் கற்பிக்கக் கூடாதென்று தடுத்தது. ராபர்ட் மேயர் என்ற உபாத்தியாயர் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக் கொடுத்ததற்காக 25 டாலர் அபராதம் அடைந்தார். வழக்கு வாஷிங்டனில் உள்ள சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1923-ல் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. சட்டத் தொழிலிலே பழகிய நமக்கு இந்தத் தீர்ப்பில் ஓர் அம்சம் முக்கியமாகப் படுகிறது: பையனுடைய பாஷை உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற விவாதத்தில் கோர்ட்டார் இறங்கவில்லை. கற்பிக்கும் தொழில் உபாத்தியாயருடைய சுதந்திரம். பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பது பெற்றோருடைய சுதந்திரம். தக்க காரணமின்றி ஸர்க்கார் அதில் கைவைக்கக் கூடாது என்றே தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹோம்ஸ் போன்ற பெரியவர் இந்த விஷயத்தில் மாறுபட்டார் என்பது ஆச்சரியமே.

கோவெல்லோ யுத்தத்தில் சேர்ந்து பிரான்சில் ஒற்றறியும் இலாகாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பினார். திரும்பியதும் ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டார்: பிரெஞ்சு, ஸ்பானிஷ், லத்தீன் பாஷைகளுக்கு உள்ள அந்தஸ்து இத்தாலிய பாஷைக்கும் வேண்டும். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. இத்தாலிய வகுப்பு வைத்தால் பையன்கள் என்றும் அந்நியராகவே நின்றுவிடுவார்கள் என்று கல்வி அதிகாரிகளில் சிலர் சொன்னார்கள். அமெரிக்காவுக்கு வந்தது இத்தாலிய பாஷை படிக்கவா என்று பெற்றோரில் சிலர் கேட்டார்கள். கோவெல்லோவும் நண்பர்களும் மாலை நேரங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, பெற்றோரிடம் அவர்கள் பேச்சிலேயே விளக்கம் சொல்லிச் சம்மதம் வாங்கினார்கள். உபாத்தியாயர் ஒருவர் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தம் பேச்சைப் பேசுவதை அந்தத் தாய்தகப்பன்மார் அதுவரை கண்டதில்லை. 1922-ல் நியூயார்க் கல்விச் சபை இணங்கியது. கிளின்டன் பள்ளியில் இத்தாலிய இலாகா வளர்ந்து, நூற்றுக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் காங்கிரஸ் மெம்பராகிப் பேர்பெற்ற விட்டோ மார்க்கன்டோனியோ அங்கே அவருடைய மாணவரே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்கு ஹார்லெம் வீடுகளில் பேசப்பட்டது புஸ்தகத்து இத்தாலியம் அன்று. அவிலியானோக்காரர் பேச்சு ஒன்று, நேப்பிள்ஸ்காரர் பேச்சு ஒன்று, சிசிலிக்காரர் பேச்சு வேறொன்று. அவற்றுக்கும் பள்ளியில் கற்பிக்கும் செந்தர இத்தாலியத்துக்கும் வெகு தூரம். இந்த வித்தியாசம் எத்தகையது என்பதைத் தமிழ் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. எனவே வகுப்பில் பையன் கற்றது அவன் தாய் பேசிய பேச்சை அப்படியே அன்று. ஆயினும் அவனுடைய வீட்டுப் பேச்சுக்கு ஒரு குலமும் கோத்திரமும் உண்டு, அது தெருக்கூச்சல் அல்ல என்பது அந்த வகுப்பில் அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக்குக் கடிதம் எழுத முடிந்தது. தகப்பன் கொண்டுவரும் இத்தாலியப் பத்திரிகையை வாசித்துக் காட்ட முடிந்தது. பள்ளிக்கூடத்துப் படிப்பு வீட்டில் உபயோகப்பட்ட முதல் சந்தர்ப்பம் அநேக குடும்பங்களில் இதுவாகவே இருந்திருக்கும்.

கிழக்கு ஹார்லெமில் அதுவரை உயர்தரப் பள்ளியே இல்லை. லகார்டியா 1934-ல் நகராதிபதியானார். அவரும் இத்தாலியர் மகனே. இளமையில் எல்லிஸ் தீவில் வந்திறங்கும் ஜனங்களுக்குத் துபாஷியாக வேலை பார்த்தவர். அவருடைய ஆதரவாலும் மார்க்கன்டோனியோவின் முயற்சியாலும் அதே வருஷம் பெஞ்சமின் பிராங்க்ளின் உயர்தரப் பள்ளி ஆண் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது; கோவெல்லோ தலைமை உபாத்தியாயரானார். ஆரம்பத்தில் பழைய கட்டிடங்களிலேயே வேலை நடந்தது. ஆற்றங்கரையில் புதிய கட்டிடம் 1942-ல் எழும்பியது. அவர் அதை ஊருக்கு மத்தியான பள்ளி என்று கருதி நடத்தினார். பக்கத்துத் தெருக்களில் காலிக் கடைகளை வாடகைக்குப் பிடித்து, வாசகசாலை, நண்பர் கழகம், ஆலோசனை நிலையம் என்று பள்ளியின் கிளைகளை அமைத்தார். பகலில் பிள்ளைகள் வந்தார்கள். இரவில் பெற்றோர்கள் ஆங்கிலம் படிக்க வந்தார்கள். தாய் ஒருத்தி வந்தால் அவளுடைய பாஷையிலே பேச ஆள் இருந்தார். மகனைத் துபாஷியாக வைத்துக்கொண்டு மகனுடைய குற்றத்தைக் கேட்க வேண்டிய அவமானம் அங்கே இல்லை.

ஆங்கிலத்தைக் குறைக்க வேண்டும் என்று கோவெல்லோ ஒருநாளும் சொன்னவரல்லர். அவர் பள்ளியில் சகல பாடங்களும் ஆங்கிலத்திலேயே நடந்தன. அந்த நாட்டில் வாழப் போகிறவனுக்கு அந்த நாட்டுப் பாஷை பிழையறத் தெரிய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு பாஷை வருவதற்கு இன்னொன்றைத் துரத்த வேண்டும் என்ற கொள்கையைத்தான் எதிர்த்தார்.

1944-ல் நியூயார்க் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அதற்காக அவர் எழுதிய பெரிய ஆராய்ச்சி 1967-ல் புஸ்தகமாயிற்று. இத்தாலியப் பிள்ளை ஏன் பின்தங்கினான் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. பாஷை அதில் ஒரு சிறு பங்கே. தென் இத்தாலியக் குடியானவனுக்குப் பள்ளிக்கூடம் என்பது ஸர்க்காருடையது. ஸர்க்கார் என்பது நிலச்சுவான்தாருடையது. பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை வேலைக்குப் போவதே தர்மம். அதற்குமேல் படிப்பது சோம்பேறித்தனம். பெண் பிள்ளை வீட்டைவிட்டு வெகுநேரம் வெளியே இருப்பது மானக்கேடு. இந்த எண்ணங்களோடு வந்தவனை அமெரிக்கா கட்டாயக் கல்விச் சட்டத்தைக் காட்டி மிரட்டியதேயன்றி, அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தம் சொந்த ஜனங்களின் குறையையும் மறைக்காமல் எழுதியது கோவெல்லோவின் நேர்மைக்குச் சான்று. தேசாபிமானிகள் பலருக்கு இது கைவராது.

ஜனங்கள் மாறினார்கள், பிரச்னை மாறவில்லை. இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஸ்பானிஷ் பேசும் ஏழைகள் ஆயிரமாயிரமாகக் கிழக்கு ஹார்லெமுக்கு வந்தார்கள். ஐம்பது வருஷத்துக்குமுன் இத்தாலியரைத் தூற்றிய அதே வார்த்தைகளால் இத்தாலியர் மக்கள் இவர்களைத் தூற்றினார்கள். கோவெல்லோ ஸ்பானிஷ் பேசும் உதவியாளரை அமர்த்தி, பழைய வேலையை முதலிலிருந்து தொடங்கினார். 1945-ல் இத்தாலியப் பையன்களுக்கும் நீக்ரோ வகுப்புப் பையன்களுக்கும் கலகம் மூண்டபோது பள்ளியின் பெயர் கெட்டது. பாடகர் பிராங்க் ஸினாட்ரா வந்து மாணவர்களிடையே பேசும்படி ஆயிற்று. எல்லாம் ஜெயமாகவே முடிந்தது என்று நாம் எழுத முன்வரவில்லை. வறுமையும் நெருக்கடியும் பள்ளிக்கூடத்துக்கு அப்பாற்பட்டவை. 1956-ல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் போர்ட்டோ ரிக்கோக்காரர் நலனுக்கான காரியாலயத்தில் கல்வி ஆலோசகராக உழைத்தார்.

அவர் அனுபவத்தால் கண்டதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கணக்கால் கண்டார்கள். 1962-ல் மான்ட்ரியால் நகரத்தில் எலிஸபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர், பிரெஞ்சு மட்டும் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகளையும் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளையும் குடும்ப நிலைமையைச் சமப்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு தெரிந்தவர்களே மேல் என்று கண்டார்கள். 1992-ல் தொடங்கி அலெஹான்த்ரோ போர்ட்டெஸ், ரூபென் ரும்பாவ் என்பவர்கள் மயாமி, ஸான் டியேகோ பகுதிகளில் குடியேறியோர் பிள்ளைகள் 5,000 பேருக்குமேல் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆங்கிலத்தோடு வீட்டுப் பாஷையையும் நன்றாகக் காப்பாற்றிக்கொண்டவர்கள் படிப்பிலும் தாழவில்லை. பெற்றோரோடும் அவர்களுக்குச் சச்சரவு குறைவு. பள்ளிக்கூடத்துப் பாஷை வீட்டில் பேசாத பிள்ளைகளுக்குப் பல தேசங்களில் மார்க்கு குறைவாயிருப்பது உண்மையே. அந்தக் குறைவில் ஒரு பெரும் பங்கு ஏழ்மையால் வந்தது. தேசத்துக்குத் தேசம் அது வேறுபடுவதால், பள்ளிக்கூடங்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1974-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், விளங்காத பாஷையில் ஒரே புஸ்தகத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது சமத்துவமாகாது என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அதே தேசத்தில் 2025 மார்ச்சு மாதம் ஜனாதிபதியின் உத்தரவொன்று ஆங்கிலத்தை ராஜாங்க பாஷையாகப் பிரகடனம் செய்திருக்கிறது. கோவெல்லோவின் வழக்கு இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1972-ல், 84 வயதில், அவர் அமெரிக்காவை விட்டு இத்தாலிக்குத் திரும்பினார். சிசிலித் தீவில் ஏழைகளிடையே சாத்விக முறையில் வேலை செய்து வந்த டானிலோ டோல்சியோடு சேர்ந்துகொண்டார். டோல்சியை இத்தாலியக் காந்தி என்று அழைப்பதுண்டு. 1982 ஆகஸ்டு மாதத்தில் மெஸ்ஸினா நகரத்தில் கோவெல்லோ காலமானார். அதே வருஷத்தில் நியூயார்க் அதிகாரிகள் பெஞ்சமின் பிராங்க்ளின் பள்ளியை மூடினார்கள். மாணவர்கள் தேறாமல் போனதும் வருகை குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆற்றங்கரைக் கட்டிடத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வேறொரு பள்ளி ஏற்பட்டது. அவர் சேகரித்து வைத்திருந்த கடிதங்களும் கணக்குகளும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் பிலடெல்பியா நகரத்தில் சரித்திரச் சங்கத்தாரிடம் பத்திரமாக இருக்கின்றன.